தற்காலிக அடைப்பு

சாப்பாட்டு மேசையில் நான்கு பிஸ்டன்கள்.
ஏழு மாதமாக நாங்கள் பாயில் இருந்து சாப்பிடுகிறோம்.
தவேந்திரன் ஒன்றும் சொல்வதில்லை,
மீன் முள்ளை மட்டும்
கொஞ்சம் சத்தமாகத் துப்புகிறார்.

மொரிஸ் மைனர், ஐம்பத்தெட்டாம் ஆண்டு.
தேத்தாத்தீவில் ஒரு கொட்டிலுக்குள் நின்றது,
பின்சீட்டில் கோழி அடை கிடந்தது.
பொரிச்ச மறுகா வந்து இழுங்க கா என்றார்கள்.
பொறுத்தேன்.
பதினொரு குஞ்சு.

எனக்கு ஆஸ்பத்திரியில், பல் கிளினிக்கில் வேலை.
கழித்துப்போட்ட வேர் ஊசி
காபரேட்டர் ஜெட்டுக்குள் அளவாய்ப் போகும் என்று
யாரும் படிப்பிக்கவில்லை.
வாயைப் பார்ப்பதுபோலத்தான் எஞ்சினையும் பார்த்தேன்:
எங்கே கறை, எங்கே ஆட்டம்,
எதைத் தட்டினால் சத்தம் வேறு.

சம்பைக் கழற்றிய அன்று கோபம் வந்தது.
இரண்டாம் கொன்றோட்டில்
பேரிங்குக்குப் பின்னால்
சிகரெட் பெட்டியின் ஈயத்தாள்.
டைமிங் கவரில் பெக்கிங்கே இல்லை,
கொப்பி மட்டையை வெட்டி வைத்திருந்தான்.
யாரடா இந்தக் கள்ளன் என்று
கிராங்கோடு அதையும் கட்டிக்கொண்டு
ஆரையம்பதியிலிருந்து ஓட்டோ பிடித்தேன்.

காத்தான்குடியில், லேத்தடியில்,
ஜவ்பர் மட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
விளிம்பில் வருடம் அச்சடித்திருந்தது.
ஒன்று, ஒன்பது, ஒன்பது.
நாலாவது இலக்கத்தை எண்ணெய் தின்றிருந்தது.

அந்த வருசங்களில்
எது வரும், எது வராது,
எந்தச் சந்திக்கு மேல் யார் போவதில்லை என்பது
இரண்டு பேருக்கும் தெரியும்.
இரண்டு பேரும் அதை ஒரே மாதிரி
நினைத்துக்கொண்டிருக்கமாட்டோம்.
லேத் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.
அவர்தான் அதை நிற்பாட்டினார்.
"இருபது தௌ எடுக்கணும். செவ்வாய்க்கிழமை வாங்க."

வீட்டில் மட்டையை மண்ணெண்ணெயில் ஊறவிட்டேன்.
ஏழாம் வாய்ப்பாடு மேலே வந்தது.
ஏழேழு நாற்பத்தொன்பது.
ஏழெட்டு,
விடை இருக்கவேண்டிய இடத்தில்
போல்ட் போன ஓட்டை.

கிளினிக்கில் நாங்கள் அட்டையில் எழுதுவோம்:
தற்காலிக அடைப்பு, இரண்டு கிழமையில் வரவும்.
வரமாட்டார்கள்.
ஆறு வருடம் கழித்து வேறு பல்லோடு வருவார்கள்.
அந்தப் பழைய அடைப்பு
நண்டுக்கால் கடித்துக்கொண்டு
அங்கேயேதான் இருக்கும்.
யார் அடைத்தது என்று கேட்டால்
அவர்களுக்கு முகம் ஞாபகம் இல்லை.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
புதுப் பெக்கிங் செட் வந்தது, அசல்,
கண்ணாடிப் பையில்.
ரிங் மாற்றினேன்.
வால்வை உரைஞ்சினேன், கை மரக்கும்வரை.
ஒரு நட்டை இறுக்கிய பிறகும்
இரவில் எழும்பிப்போய்
இன்னொருதரம் தொட்டுப் பார்த்தேன்.

ஞாயிறு பின்னேரம், முற்றத்தில், மரச்சட்டத்தில் ஏற்றி
தவேந்திரன் பெற்றோல் போத்தலைத் தூக்கிப் பிடித்தார்,
சேலைன் ஏற்றுகிறவர்போல.
கிறுகுது, பத்துதில்லை.
திரும்பவும். கிறுகுது, பத்துதில்லை.
மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுச் சுகிர்தமலர்
பெட்டரி இறங்கிட்டு என்றாள்.
இறங்கவில்லை.
டிஸ்ரிபியூட்டரை நான்தான்
நேரே பின்பக்கம் பார்க்கப் பூட்டியிருந்தேன்.
முதலாம் பிஸ்டனுக்கு வேண்டிய நெருப்பு
நாலாவதுக்குப் போய்க்கொண்டிருந்தது.
அதை அவளுக்குச் சொல்லவில்லை.

திருப்பிப் பூட்டினேன்.
இருமியது. கறுப்பாய்த் துப்பியது.
மறுகா
சீராக, அதுவும் மிகச் சீராக, ஓடியது.
நாய்கள் குரைத்து ஓய்ந்தன.
போத்தல் பிடித்த கை மட்டும் கீழே இறங்கவில்லை.
தண்ணீர் சுற்றவில்லை, சூடேறும், நிற்பாட்டு என்று
நானே எனக்குச் சொல்லி
இன்னும் கொஞ்சம் ஓடவிட்டேன்.

நிற்பாட்டிய பிறகு
டைமிங் கவரின் அடியில்,
அசல் பெக்கிங்கின் ஓரத்தில்,
ஒரு சொட்டு எண்ணெய் திரண்டு விழுந்தது.
கொப்பி மட்டை இருந்த காலம் முழுக்க
அந்த இடம் கசிந்ததற்கு அடையாளம் எதுவும்
நான் காணவில்லை.

உள்ளே தவேந்திரன் மேசையைத் துடைக்கிற சத்தம்.
இரண்டு தட்டு வைக்கிற சத்தம்.
கியர்பெட்டியை இனித்தான் திறக்கவேண்டும் என்று
நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.